நூல் கடித்த பல்

பல் டாக்டர் ராஜகோபால் அச்செடுக்கிற கடல்பாசிப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, துளைபோட்ட தட்டில் வழித்து, நீலாவதியின் மேல்வாயில் வைத்து அழுத்தினார்.

"மூணு நிமிஷம் பேசக் கூடாது. மூக்கால மூச்சு விடு."

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் கோரைப்பல் போய்விட்டது. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்கள் அந்த ஓட்டையையே பார்த்தார்கள். அதனால்தான் அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் பஸ் ஏறினாள்.

எதிர்ப் பலகையில் மற்றவர்களின் அச்சுகளில் பாரிஸ் சாந்து ஊற்றி வார்த்த பல்வரிசைகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றாவதில் அவள் கண் நின்றது. கோணலாக ஏறிய சிங்கப்பல். பக்கத்து முன்பல்லின் விளிம்பில் நூல் கனத்துக்கு ஒரு வெட்டு.

தையல் மிஷினில் குனிந்து நூலைக் கடிக்கிற அந்த வாயை ஏழு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், பட்டன் வாங்க விழுப்புரம் போகிறேன் என்று போன புருஷன் கன்னியப்பன் திரும்பவில்லை. மூன்று வருஷமாகக் காலையில் குங்குமம் வைக்கும்போது அவள் விரல் ஒரு நொடி நிற்கும். இருக்கிறானா, இல்லையா?

"ம்ம்... ம்ம்..."

"ஆடாதம்மா! கோணிப்போச்சுன்னா உன் பல்லு உனக்கே சேராது."

தட்டு வெளியே வந்ததும் கேட்டாள். "அந்த மூணாவது யாருது சார்?"

டாக்டர் அதைப் புரட்டி, அடியில் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தார். "கன்னியப்பன், அவலூர்பேட்டை. டைலரு. தெரிஞ்சவரா?"

அவலூர்பேட்டை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"பாத்த மாதிரி இருக்குது. தனியாவா வந்தாரு?"

"சம்சாரம்தான் இழுத்தாந்துச்சு. தெனம் ஊசி புடிக்கிற ஆளு, என் ஊசியப் பாத்து நடுங்குறாரு. கைக்கொழந்த ஒரு பக்கம் கத்துது, இவரு ஒரு பக்கம்!"

சிரித்துக்கொண்டே அவளுடைய அச்சை வெளிச்சத்தில் பிடித்தார். "இன்னாம்மா, முன்பல்லு எடத்துல மேடு தெரியுது? அப்ப பல்லுல வெட்டு இருக்குது. நீயும் நூலு கடிக்கிற ஆளா?"

"மிஷினு வூட்லயே கெடந்துச்சு. மூணு வருஷமா நாந்தான் தைக்கிறேன்."

"ஒரு கத்திரி வாங்கக் கூடாதா?"

அச்சு சுருங்குவதற்குள் சாந்தைக் கரைத்து ஊற்றினார். பலகையில் இடம் தேடி, மூன்றாவதற்குப் பக்கத்தில் வைத்தார். "புதன்கிழமை வா. பல்லு ரெடியா இருக்கும்."

"அவுருக்கு?"

"அவருக்கும் புதன்தான். காலையில."

நீலாவதி உதட்டில் ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்தாள். "அப்ப நானும் காலையிலயே வர்றேன்."

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது பலகையருகே போய், இறுகிக்கொண்டிருந்த தன் சாந்தை விரலால் தொட்டாள். இறுகுகிற சூட்டில் சுட்டது. பக்கத்திலிருந்ததையும் தொட்டாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.