தொட்டிக்குள் தூங்கிய குரல்

1934-ஆம் ஆண்டு தை மாதம் ஒன்பதாம் தேதி காலை, பஸ் ஏஜெண்ட் நிஜாமுதீனின் குரல் அவர் வீட்டு மண்தொட்டி ஒன்றுக்குள் போய்விட்டது. சித்திரையில் திரும்பி வந்தது. இடையில் இருந்த எண்பத்தைந்து நாட்களில் அவர் மனைவி சாரா பீவி அந்தத் தொட்டியை ஒரு முறைகூடத் தோண்டிப் பார்க்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு.

தொட்டியில் இருந்தது ஓரிலைத் தாமரை. பெயர்தான் தாமரை, குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சைமலையில் மரநிழலில், இலை மக்கிய மண்ணில் வளரும் கிழங்குச் செடி. பாலக்கரைக்குப் பின்னால் உள்ள சந்து வீட்டுக்கு அது வந்தது 1929-இல். உப்பிலியபுரத்திலிருந்து வாரம் ஒரு முறை மூலிகைக் கூடையோடு பஸ்ஸில் வரும் பாப்பாயி என்பவள், தன் கூடையை முகம் சுளிக்காமல் பஸ்ஸின் மேலே ஏற்றிவிடும் ஒரே மனிதர் நிஜாமுதீன்தான் என்பதற்காக, மொச்சைக் கொட்டையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைக் கிழங்கு ஒன்றையும் அது கிடந்த மண்ணில் இரண்டு கைப்பிடியையும் தேக்கிலையில் கட்டிக் கொடுத்தாள். "பூ முன்னால வரும், இலை பின்னால வரும், அப்புறம் தூங்கிரும். தூங்குறப்ப தண்ணி காட்டாதீங்க பீவிம்மா" என்று சாரா பீவியிடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதி எல்லாவற்றையும் சாரா பீவி தானே கண்டுபிடித்தார். மலை மண்ணோடு காவிரி மணலும் உடைத்த செங்கல்லும் அடுப்புக் கரியும் கலந்தார். காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கும் கிணற்றடிச் சுவரோரம் தொட்டியைப் பாதி மணலில் புதைத்து வைத்தார். மடிப்பு மடிப்பாக விசிறிபோல் விரியும் அந்த ஒற்றை இலையின் மேல் ஒரு சொட்டும் படாமல், ஓரத்தில் மட்டும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டார். மலை மண் தீர்ந்தபோது வேறு மண்ணைப் போடாமல், பஸ் ஏறி உப்பிலியபுரம் போய் ஒரு சாக்கு மண்ணோடு திரும்பினார். சொந்த மண் ஒரு பிடியாவது இல்லாவிட்டால் அந்தக் கிழங்கு சாப்பிடாது என்பது அவருடைய முடிவு. அது சரியாகவும் இருந்தது.

முதல் ஆண்டிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. தையில் இலை மஞ்சளாகிச் சாயும்போது செடி வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றைத் தன்னோடு மண்ணுக்குள் எடுத்துக்கொண்டு போகும். கோடை மழைக்குப் பூக்கும்போது திருப்பிக் கொடுக்கும். 1930-இல் டிரங்குப் பெட்டிச் சாவி போயிற்று. துருப்பிடிக்காமல் பூத்தண்டில் தொங்கிக்கொண்டு வந்தது. 1931-இல் சுவர்க் கடிகாரத்தின் மணியோசை போயிற்று. முள் ஓடியது, மணி அடிக்கவில்லை. பூ விரிந்த அன்று, அடிக்காமல் விட்ட மணிகளையெல்லாம் கடிகாரம் ஒரே மத்தியானத்தில் அடித்துத் தீர்த்தது; பக்கத்து வீட்டார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வெங்காயம் வதங்கும் வாசனை போனது. என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாததால் சாப்பாட்டு நேரத்துக்கு எந்த உறவினரும் தற்செயலாக வரவில்லை. சாரா பீவி அதை நல்ல ஆண்டு என்றே நினைத்தார். 1933-இல் மகள் வஹீதாவின் நிழல் போனது. பள்ளிக்கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை.

குரல் அப்படியில்லை. நிஜாமுதீனின் பிழைப்பே அதுதான். மெயின்கார்டு கேட் அருகே ரசூல் ராவுத்தரின் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று அவர், "சமயபுரம், துறையூர், உப்பிலியபுரம்" என்று கூவினால், அந்தக் குரல் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வரை கேட்கும். அங்கே பல வீடுகளில் இரண்டாவது காப்பி அதைக் கேட்டுத்தான் கலக்கப்பட்டது. கூவலைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டிய வேலையில்லாமலே ஏறி உட்கார்ந்தவர்களும் உண்டு. தை ஒன்பதாம் தேதி அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வீட்டுக்கு ஓடினார். அன்று காலைதான் இலை சாய்ந்திருந்தது. சாரா பீவி தொட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், தண்ணீர்க் கரண்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ரசூல் ராவுத்தர் கெட்டவரல்ல. நிஜாமுதீன் கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். ஆனால் மணியை நம்பிப் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. எதிர்ப்பக்கம் நின்ற போட்டிப் பஸ் கரூரிலிருந்து புதிதாக ஒரு தொண்டைக்காரரை இறக்கியிருந்தது. சமயபுரம் சித்திரைத் தேர் வரை பொறுப்பதாகவும், தேரன்று காலையிலும் குரல் இல்லையென்றால் வேறு ஏஜெண்டைப் போடுவதாகவும் ரசூல் ராவுத்தர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து அழகியமணவாளன் வந்தார். கல்லூரியில் தாவர சாஸ்திரம் நடத்துபவர். நிஜாமுதீனின் கூவலை வைத்தே காலையில் புறப்பட்டுப் பழகியவர், மூன்று நாள் தாமதமாகப் போய்ப் பிரின்சிபாலிடம் பேச்சு வாங்கியதால் காரணம் விசாரிக்க வந்திருந்தார். தொட்டியைக் கண்டதும் வந்த காரியத்தை மறந்துவிட்டார். இது தரை ஆர்க்கிட் ஜாதி, மலையை விட்டு இறங்கி யார் வீட்டிலும் பிழைத்ததில்லை, தானே பதினொரு கிழங்குகளை வைத்துப் பதினொன்றையும் இழந்ததாகச் சொன்னார். பிறகு யோசனையும் சொன்னார்.

"தோண்டிப் பாத்துடுங்கோம்மா. கிழங்கு அழுகியிருந்தா உடனே தெரிஞ்சுடும்."

"உங்க பதினொன்னையும் அப்படித்தான் பாத்தீங்களா சார்?"

"ஆமாம்."

"அதான்" என்றார் சாரா பீவி.

அழகியமணவாளன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மண்ணில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

தவறு நடந்தது பாசத்தால். நிஜாமுதீனின் தங்கை நசீரா, அண்ணன் ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு பெரியவரிடம் ஓதி ஊதிய தண்ணீரைப் பாட்டிலில் வாங்கி வந்தார். பிணியுள்ள இடத்தில் தெளிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். தொண்டையில் பிணி இல்லை, தொட்டியில்தான் இருக்கிறது என்று கணக்காக யோசித்து, ஒன்பது நாள் யாருக்கும் தெரியாமல் தொட்டியில் ஊற்றினார். பத்தாம் நாள் தொட்டிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. சாரா பீவி காதை வைத்துப் பார்த்தார். கணவரின் குரலுக்குச் சளி பிடித்திருந்தது.

நசீரா அழுதார், அழுதுகொண்டே சண்டையும் போட்டார். "எங்கண்ணன் வாயில்லாம உக்காந்திருக்கார், நீங்க ஒரு செடிக்குக் காவல் இருக்கீங்க மச்சி" என்று அண்ணியிடம் சொன்னார். "உங்கண்ணனுக்குத்தான்மா காவல் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு சாரா பீவி வேலையைப் பார்த்தார். இப்போதும் தோண்டவில்லை. தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நீரை வடியவிட்டார். மணலை வாணலியில் வறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்துச் சுற்றிலும் அணை கட்டினார்; செங்கற்பொடியை மேலே தூவினார். ஈரம் இழுக்க இழுக்க மணலை மாற்றினார். அந்த வறுத்த மணலைக் கடைசிவரை சுமந்து கொட்டியவர் நசீராதான். பங்குனி பாதியில் இருமல் நின்றது.

மழை மட்டும் வரவில்லை. தேருக்கு முந்தின சாயங்காலம் நிஜாமுதீன் கொத்துக்கரண்டியோடு கிணற்றடியில் வந்து நின்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் காலை அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். சாரா பீவி தடுக்கவில்லை. "குரல் உங்களது. தோண்டணும்னா தோண்டுங்க. ஆனா ஒரு தடவை காதை வச்சுக் கேட்டுட்டுத் தோண்டுங்க" என்றார். நிஜாமுதீன் குனிந்து கேட்டார். ஆழத்தில் தன் குரல் சீராக மூச்சுவிட்டுத் தூங்குவதும், தூக்கத்தில் ஒரு தடவை "துறையூர்" என்று முனகுவதும் கேட்டது. நன்றாகத் தூங்குகிற ஒன்றை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கரண்டியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

சித்திரை முதல் செவ்வாய். மெயின்கார்டு கேட்டில் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லோரும் கரூர்த் தொண்டைக்காரரின் பக்கமே போனார்கள். ஏழு மணிக்கு உப்பிலியபுரத்திலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. அதன் மேலே மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாயின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததை நிஜாமுதீன் பார்த்தார். திருச்சியில் ஒரு தூறலும் இல்லை. பச்சைமலையில் விடிய விடியக் கொட்டியிருக்கிறது. மணியை ரசூல் ராவுத்தர் கையிலேயே கொடுத்துவிட்டு, டிரைவரின் கூஜாவைப் பிடுங்கி, தார்ப்பாய்த் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

சாரா பீவி விரல் நனைத்து முகர்ந்தார். எண்பத்தைந்து நாள் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், ஒரு கேள்வியும் கேட்காமல் முழுக் கூஜாவையும் தொட்டியில் கவிழ்த்தார். கிழங்கு காத்திருந்தது அந்த மழைக்குத்தான், இந்த ஊர் மழைக்கு அல்ல என்பது அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. சோறு வேகும் நேரத்துக்குள் தண்டு ஒரு சாண் எழும்பி மொட்டுத் தலையைக் கவிழ்த்தது. அவர் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தொட்டியை இடுப்பில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பெரிய கடை வீதி வழியே நடந்தார். நசீரா முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கினார். பஸ்ஸின் படிக்கட்டில் தொட்டியை வைத்த கணத்தில், வெளிர் பச்சையில் ஊதா நரம்போடிய அந்தச் சின்னப் பூ வாய் திறந்து, "சமயபுரம்!" என்றது. "துறையூர்" என்பதை நிஜாமுதீனே சொன்னார்.

மண்ணில் ஊறிய குரல் முன்பைவிடக் கனத்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் நெற்றிக்கு இட்டுக்கொண்டிருந்த அழகியமணவாளன், திருமண் பாதியிலேயே நிற்க, மனைவி கோதைநாயகியிடம், "பூத்துடுத்து" என்றார். மெயின்கார்டு கேட்டில் கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. பஸ்ஸின் உள்ளே நிறைந்து, மேலே நிறைந்து, கடைசியில் கரூர்த் தொண்டைக்காரரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சமயபுரத்தில் ஒரு வேண்டுதல் இருந்தது. ரசூல் ராவுத்தர் அந்த வாரமே பஸ்ஸின் இரு பக்கமும் ஒற்றை இலையும் ஒற்றைப் பூவும் வரையச் சொன்னார்.

ருசி கண்டுவிட்ட கிழங்கு அதன் பிறகு வேறு எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தையிலும் குரலைத்தான் எடுத்தது, ஒவ்வொரு சித்திரையிலும் இன்னும் கனமாகத் திருப்பித் தந்தது. தை முதல் சித்திரை வரை மணி அடிக்கப்படும் என்று பஸ் நேரப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். தொட்டி ஒன்று ஒன்பதாகப் பெருகியது. ஒன்று ஒரு பிடி மலை மண்ணோடு அழகியமணவாளன் வீட்டுக்குப் போய்ப் பிழைத்தது. அது ஆண்டுதோறும் அவருடைய குறட்டையை எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்காமல் இருக்க வழியுண்டா என்று கோதைநாயகி ஆள் அனுப்பிக் கேட்டார். இல்லை என்று பதில் போயிற்று.

1942 மாசியில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் கரி அடுப்போடு ஓடிய நாளில், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தாசில்தார், இந்த ஏஜெண்ட் ஏன் வாயைத் திறக்காமல் மணியடிக்கிறார் என்று கேட்டார். குரல் தூங்குகிறது, சித்திரையில் எழுந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தாசில்தார் தலையசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மறுவாரம் அவர் பாலக்கரைச் சந்துக்கு வந்து தமக்கும் ஒரு கிழங்கு வேண்டுமென்றார். சாரா பீவி அவரிடம் பதவி, ஊர், ஜாதி எதையும் கேட்கவில்லை. "தோண்டிப் பாக்காம இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் சற்று யோசித்தார். யோசித்ததால் அவருக்குக் கிழங்கு கிடைக்கவில்லை.