சூப்பர்வைசருக்கு ஒரு முளைக்குச்சி

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சைக்கிளை ஓட்டத் தெரியாது, சுமக்கத்தான் தெரியும் என்பது பெரியவரின் தீர்மானம். யானைக்குக் கட்டுகிற மாதிரி பட்டைவார் போட்டுச் சைக்கிளைக் காரின் முதுகில் கட்டுகிறார்கள். ஒரு கீறல் விழாமல் மலையடிவாரம்வரை கொண்டுபோய் இறக்குகிறார்கள். அப்புறம் அதைக் கல்லிலும் முள்ளிலும் போட்டுச் சாத்தி, சேறும் சகதியுமாக மறுபடி காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுகிறார்கள். வீட்டில் இருக்கும் கிழவன் குளித்தானா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கூத்தில் இப்போது நாயும் சேர்ந்துகொண்டது. நாய் சேர்ந்ததால் பெரியவரும் சேர வேண்டியதாயிற்று.

நாய் அவருடையது. பெயர் சூப்பர்வைசர். அவர் உயரமான கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்த காலத்தில், எங்கிருந்தோ வந்த குட்டி அது. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் யாராவது பிரஷ்ஷைக் கீழே வைத்தால் உறுமும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

தோள்பட்டை இறங்கி, தலைசுற்றலும் வந்த பிறகு மகள் அவரை எட்டாவது மாடியில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நாயும் வந்தது. வந்த வேகத்தில் சோபாவின் ஒரு கையைத் தின்றது. கால்நடை மருத்துவர், "இது ஓடணும், ஓடவிடாம வச்சா வீட்டையே தின்னுடும்" என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. மருமகனுக்கு மலைச்சைக்கிள் பைத்தியம். "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றான். அங்கேதான் பிடித்தது சனி.

முதல் தடவை நாய் பாதி மலையில் திரும்பி நின்று பார்த்திருக்கிறது. பெரியவரைக் காணோம். சைக்கிளை அம்போ என்று விட்டுவிட்டு, லாரிகள் பறக்கிற பெரிய சாலையைக் குறுக்கே கடந்து, மாடிப்படி ஏறி, கதவில் வந்து விழுந்தது. பாதமெல்லாம் தோல் உரிந்திருந்தது. பெரியவர் இரண்டு நாள் மருமகனோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாய் மலைக்குப் போயிற்று, சமர்த்தாகக் காருக்குத் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா மாமா, நீங்க இங்க இருக்கிற தைரியத்துலதான் அது மேல வருது. இடத்தை விட்டு நகர்ந்துடாதீங்க. உங்க வாசனைதான் அதுக்கு வழி."

"நான் என்ன ஊதுபத்தியா?" என்றார் பெரியவர். ஆனாலும் நகரவில்லை. மாடு மேய்கிறவரை முளைக்குச்சி மண்ணுக்குள்ளேதானே இருந்தாக வேண்டும்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் காரின் பின்சீட்டு. அது ஒரு ஜல்லி கொட்டிய மைதானம். ஓரத்தில் பூட்டிய கழிப்பறை, மலைப்பாதைப் படம் போட்ட பலகை, வேறு ஒன்றும் கிடையாது. காருக்குள் ஈர நாய், சங்கிலி எண்ணெய், ரப்பர் மூன்றும் கலந்த வாடை. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. குழந்தைகளுக்காக வைத்த பூட்டாம் அது. அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. வாங்கும்போதே அப்படி இருந்ததாம், மாற்ற நேரமில்லையாம். நாற்பது வருஷம் ஜன்னலுக்கு வெளியே தொங்கியவர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த நாய்மூக்கின் தடத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் அப்படித்தான். மருமகனும் அவன் கூட்டாளியான பல் டாக்டரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். "பின்னே!" என்றான் மருமகன். நாய் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதற்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. ஆரம்பத்தில் முன்சக்கரத்துக்கு முன்னால் ஓடி, மருமகனை இரண்டு தடவை புதருக்குள் தள்ளிய பிறகு வந்த ஞானம்.

மகள் ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு, "ஆபீஸ் போன்பா, ரெண்டே நிமிஷம்" என்று காதில் கைபேசியோடு பலகைப் பக்கம் நடந்தாள். அவளுடைய இரண்டு நிமிஷத்தில் ஒரு சுவருக்கு முதல் பூச்சு முடித்துவிடலாம்.

அப்போது பெரியவரின் கைபேசி அடித்தது. கூப்பிட்டது பழைய கூட்டாளி. எதிர்க்கயிற்றில் தொங்கியவன். இப்போது ஒரு பெயிண்ட் கடையில் எல்லாம் அவன்தான்.

"டேய், வரியா இல்லையா? குடோன் சாவி வச்சுக்க நம்பிக்கையான ஆள் வேணும்னு முதலாளி நச்சரிக்கிறார். மாடியில ரூம் காலியா இருக்கு. ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கு. இன்னிக்குள்ள சொல்லு, இல்லாட்டி அவர் மச்சானைக் கொண்டாந்து உக்கார வச்சிடுவார்."

"நாய்?"

"எத்தனை தடவைடா சொல்றது? நாய் மட்டும் ஆகாது. அவருக்கு நாயைக் கண்டா தும்மல்."

பெரியவர் கண்ணாடி வழியே மலையைப் பார்த்தார். பாதை தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பதும், அப்புறம் அந்தச் சாலையும் லாரியும் கண்ணுக்குள் வந்தன.

"மச்சானையே போட்டுக்கச் சொல்லு."

"பைத்தியமாடா உனக்கு? ஒரு நாய்க்காகவா?"

"அது நான் இல்லாம நிக்காதுடா. செத்துப்போயிடும்."

"உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான். பெரியவர் கைபேசியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் கதவின் பிடியை இழுத்தார். அது வழக்கம்போல் வெறுமனே வந்துவிட்டுப் போயிற்று.

ஜல்லியில் சரசரவென்று சத்தம். பல் டாக்டர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வந்தார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, மலையில் தன் பல்லை அடகு வைத்து இறங்குகிற மனுஷர். ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"என்ன பெரியவரே, ஜெயிலா?"

"ஜெயில்னா வேளைக்குச் சோறு போடுவான். நீர் என்ன, பாதியிலயே வந்துட்டீர்?"

"டயர் கிழிஞ்சிடுச்சு. அவர் வந்துட்டிருக்கார், பின்னாடி உங்க நாயும். அதுக்கு என்ன தெம்பு! போன புதன்கிழமை உச்சிவரைக்கும் வந்து, ஓடையில தண்ணி குடிச்சிட்டு, பாறை மேல உக்காந்து காத்து வாங்குது, எஸ்டேட் முதலாளி மாதிரி."

"எந்தப் புதன்கிழமை?"

"எல்லாப் புதன்கிழமையும்தான். நீங்க தோளுக்கு வைத்தியம் பார்க்கப் போவீங்களாமே, அன்னிக்கு."

"அப்ப கார்ல யாரு இருப்பா?"

"கார்ல யாரு இருக்கணும்?" என்றார் பல் டாக்டர், நிஜமாகவே புரியாமல்.

பெரியவர் பாதி இறங்கிய ஜன்னல் வழியே நல்ல கையை வெளியே விட்டு, துழாவி, வெளிப்பிடியைத் தூக்கினார். கதவு திறந்துகொண்டது. இத்தனை வாரம் இதைச் செய்யாதது நாய்க்காகத்தான், தெரியாமல் இல்லை.

கீழே இறங்கி நின்று, கூட்டாளியைக் கூப்பிட்டார். "டேய், மச்சானைப் போடச் சொல்லிட்டியா?"

"வச்ச போன் சூடு ஆறல, அதுக்குள்ள மச்சானா? என்னடா?"

"வரேன். இன்னிக்கே."

"நாய்?"

"வைடா போனை."

மகள் ஓடிவந்தாள். "அப்பா! எப்படி இறங்கின?"

"ஜன்னல்லயே பொழப்பு நடத்தினவன்கிட்ட கேக்குறா பாரு கேள்வி. புதன்கிழமை நாய் மலைக்கு வருதாமே?"

அவள் பல் டாக்டரைப் பார்த்தாள். அவர் அவசரமாக டயரைப் பார்த்தார்.

"வருதா, இல்லையா?"

"வருது. ரெண்டு மாசமா."

"அப்ப நான் எதுக்கு இங்க?"

"வீட்ல இருந்தா சுவரையே முறைச்சிட்டு உக்காந்திருக்கப்பா. இங்க பிரஷ் தப்பியிருக்கு, அங்க பெயிண்ட் உப்பியிருக்குன்னு. ஒருநாளாவது வெளிய வரட்டுமேன்னுதான். சும்மா வான்னா வருவியா நீ? உன்னாலதான் காரியம் ஆகுதுன்னு சொன்னா வருவ."

"இதுக்குப் பேரு வெளியவா?" பின்சீட்டைக் காட்டினார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தக் கடை ரூமுக்குப் போயிடுவியோன்னும் இருந்துச்சு. அங்க தலை சுத்தி விழுந்தா யாருப்பா தூக்குவா? நாயை விட்டுப் போக மாட்டன்னு தெரியும்."

"அப்படிச் சொல்லு. கட்டிப் போட்டீங்க."

"பாசத்துலப்பா."

"இருக்கும், இருக்கும்" என்றார் பெரியவர். காய்ந்துவிட்டது என்று வேலைக்காரன் சொல்லும் சுவரை விரலால் தொட்டுப் பார்க்கிற குரல் அது.

மரங்களுக்குள்ளிருந்து மருமகன் வெளிப்பட்டான். பின்னால் நாய். அவரைக் கண்டதும் சக்கரத்தை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, சேற்றுக் காலை அவர் நெஞ்சில் ஊன்றி, தாடையை நக்கியது. பெரியவருக்கு ஒரு நிமிஷம் எல்லாம் ஆட்டம் கண்டது. கூட்டாளிக்கு என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பார்த்தீரா மாப்ளே? யாரைத் தேடி ஓடி வருதுன்னு?"

மருமகன் மனைவியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான். அதிகம் பேசுகிறவன் இல்லை. "தேடும் மாமா. ஆனா பார்த்துட்டா போதும் அதுக்கு. அப்புறம் ஓடணும். நாங்க பொய் சொன்னது தப்புதான். ஆனா நீங்க போனா அது செத்துடும்னு மட்டும் நினைச்சிட்டு இருக்காதீங்க. அதுக்காக உள்ள இருக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி மைதானத்தை மெதுவாகச் சுற்றினான். கூப்பிடவில்லை, விசில் அடிக்கவில்லை. நாய் சக்கரத்தைப் பார்த்தது. பெரியவரைப் பார்த்தது. அவர் விரலை ஒரு தடவை நக்கிவிட்டு, குதித்து ஓடி, பின்சக்கரத்துக்குப் பின்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. வால் கொடிபோல் நின்றது.

"சூப்பர்வைசர்!"

அதன் காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. கால் நிற்கவில்லை.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாக்கெட்டுல பிஸ்கட் வச்சிருக்கீர்" என்றார்.

மருமகன் நிறுத்தி, இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். கைக்குட்டையும் சாவியும்தான் இருந்தன.

"அப்ப மேலயே போட்டு முடிச்சிருப்பீர்."

"மாமா..."

"நான் கடை ரூமுக்குப் பஸ்லயே போயிக்கிறேன். துணிமணியை அப்புறம் அனுப்புங்க. பிரஷ் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க."

"அப்பா, பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்? ஏறு, நானே கொண்டுபோய் விடறேன்" என்று மகள் பின்கதவைத் திறந்து பிடித்தாள். அழுகையை அடக்கும்போது அவளுக்கு மூக்கு சிவக்கும், சிவந்திருந்தது. பெரியவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு, திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஜல்லி முடிந்து தார்ச்சாலை தொடங்கியது. முட்டி வலித்தது. பின்னால் நாய் குரைப்பது கேட்டது. அது கூப்பிடுகிற குரைப்பா, விளையாடுகிற குரைப்பா என்று அவருக்குப் பிரித்தறியத் தெரியும். திரும்பவில்லை.

"இறைச்சித் துண்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். "பிஸ்கட்டுக்கெல்லாம் இப்படி ஓடாது."