கன்னிமார் வனத்தில் வெள்ளாடு

ரத்தினசாமி புண்ணியம் செய்யக் கிளம்பினால் ஊரில் யாருக்காவது ஏதாவது காணாமல் போகும். இந்த முறை போனது மருதாத்தாளின் மூன்று வருஷம்.

ஊருக்குக் கிழக்கே கன்னிமார் வனம், ஏழு கன்னித் தெய்வங்கள் குடியிருக்கும் சாமிக்காடு. அதற்குள் இரும்பு நுழையக் கூடாது. அரிவாள், மண்வெட்டி எல்லாம் எல்லைக் கல்லோடு சரி. பெருவெள்ளம் வந்து போன பிறகு உண்ணிச்செடி என்ற முள்ளுப் புதர் உள்ளே புகுந்து, தானாக முளைத்த கன்றுகளை மூடி அமுக்கியது. ஆண்கள், 'இரும்பு ஆகாதே, என்ன செய்ய' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். மருதாத்தாள்தான் மயிலாத்தாளையும் நாச்சம்மாளையும் கூட்டிக்கொண்டு, மழை பெய்து மண் இளகிய நாளாகப் பார்த்து, வெறுங்கையால் வேரோடு பிடுங்கினாள். கூலி கிடையாது, கை நிறையக் கீறல்தான் மிச்சம். அவள் புருஷன் எத்தனை நாள் பழைய சோறு தின்றான் என்பதும் ஊருக்குத் தெரியும், அது நமக்கெதற்கு. மூன்றாம் வருஷம் பாதி வனம் தெளிந்து, இலுப்பையும் புங்கனும் முழங்கால் உயரம் வந்துவிட்டன. எந்தக் கன்று எந்த மரத்தின் பிள்ளை என்றுகூட அவள் சொல்லுவாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கன்னிமார் பொங்கலுக்கு ரத்தினசாமியின் சம்பந்தி வீட்டார் வருவதாகச் செய்தி. வனம் புதராகக் கிடந்தால் அவர் கௌரவம் என்னாவது? இரும்பு கூடாது, சரி. வெள்ளாட்டு வாயில் இரும்பு இல்லையே. யோசனை உதித்ததும் தம் பட்டியிலிருந்த எண்பது ஆட்டையும் இரண்டு நாள் உள்ளே ஓட்டிவிட்டார்.

பொங்கலன்று காலை பானையோடு வந்த மருதாத்தாள் எல்லைக் கல்லிலேயே நின்றுவிட்டாள். கன்று ஒவ்வொன்றும் இலை ஒன்றில்லாமல் விரல் உயரக் குச்சியாக நின்றது. உண்ணிச்செடியை ஆடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கியது. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் கன்னிமார் ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மிணி, பானையைக் கவுத்துட்டே? சம்பந்தி வூட்டு ஒறம்பரை காத்துட்டிருக்குது," என்று வந்தார் ரத்தினசாமி, சந்தனமும் சலவை வேட்டியுமாக.

"ஏனுங் மாமா, உள்ளார ஆட்டை ஓட்டினது நீங்களுங்களா?"

"பின்னே? ஒரு துண்டு இரும்பு உள்ளே போகலே. பாரு, எப்படிப் பளிச்சுனு கெடக்குது."

"ஆமாங், ஒங்க மண்டையாட்டமே கெடக்குது," என்றாள் பின்னாலிருந்த மயிலாத்தாள். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

அவர் அதை விழுங்கிக்கொண்டு, "சரி, பத்து ஆளை அனுப்பறேன். மிச்சத்தைப் புடுங்கிப் போடட்டும்," என்றார்.

"ஆளு வேண்டாமுங். நீங்க வாங்க. ஒங்க கையாலே புடுங்கோணும். அதுவரைக்கும் இங்கே ஒரு அடுப்பு எரியாது."

நாச்சம்மாள் தன் பானையைக் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. கடைசியில் ரத்தினசாமியின் சொந்தப் பெண்டாட்டி காளியாத்தாளும் கவிழ்த்தாள். அவளுக்கு எத்தனை நாள் பாக்கியோ. சம்பந்தி வானத்தைப் பார்த்தார்.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரத்தினசாமி உள்ளே போனார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு சம்பந்திக்குக் கேட்காத குரலில், "ஏம்புள்ளை, இதிலே எதைப் புடுங்கறது?" என்றார்.

மருதாத்தாளுக்குக் காது மடல் கொதித்தது. தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம் என்று எல்லைக் கல்லிலிருந்து அவர் பின்னால் உள்ளே வந்த வழியெல்லாம் மயிலாத்தாள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். தெரியாததே இவ்வளவா?

"ஒங்க ஆடு தொடாம வுட்டது பூராவும்," என்றாள்.

உச்சிப்பொழுது வரை அவர் பிடுங்கினார். பிறகுதான் அடுப்பு எரிந்தது. பொங்கல் பொங்கிக் குலவை எழுந்தபோது மருதாத்தாள் அங்கே இல்லை. பிடுங்கிப் போட்ட உண்ணிச்செடியை இழுத்துவந்து, ஒவ்வொரு குச்சிக் கன்றையும் சுற்றி வேலி அடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடத் துணியவில்லை.