கடையில் யாரும் இல்லை

தென்காசியிலிருந்து இலத்தூர் போகும் சாலையில் இருக்கிறது முத்துலட்சுமியின் மோட்டார் பழுதுபார்க்கும் கடை. பலகையில் அவள் பெயர், உள்ளே அவள் மட்டும். ஆனாலும் வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள்: "கடையில யாரும் இல்லியா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்க வேண்டும். இதில் 'யாரும்' என்றால் ஆண். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வாசுதேவநல்லூரில் அவள் பிறந்த வீட்டு வாசலில் தபால்காரர் "வீட்டுல யாரும் இல்லியா?" என்று கேட்டால், அம்மா, அத்தை, அக்கா மூவரும் எட்டிப்பார்த்து ஒரே குரலில் "யாரும் இல்ல" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் முத்துலட்சுமியும், கையில் செப்புக்கம்பியோடு, "யாரும் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகுதான் உறைக்கும். அதற்குள் மோட்டார் மறுபடி ஆட்டோவில் ஏறியிருக்கும்.

இப்படியே வைகாசி முடிந்தது. பட்டாளத்தில் சமையல்காரனாக இருக்கும் கணவன் நயினார், பதான்கோட்டிலிருந்து போனில் சொல்லிவிட்டான்: "ஏட்டி, இந்தச் சீசன்லயும் ஓடலேன்னா கடைய இழுத்து மூடிருவோம்."

சாரல் தொடங்கிய மூன்றாம் நாள், ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் தங்கசாமி ஒரு மோட்டாரோடு வந்து இறங்கினார். ஊரெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது. அவர் லாட்ஜ் குழாயில் மட்டும் காற்று வருகிறது. அந்த லாட்ஜில் மொத்தம் ஆறு மோட்டார். இது ஓடினால் மற்றவையும் இவளிடம் வரும், கடை பிழைக்கும்.

"ஏம்மா, கடையில யாரும் இல்லியா?"

"யாரும்..." என்று வாய் தொடங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மோட்டாரு என்ன செய்யுது அண்ணாச்சி?"

"அத ஆள் வந்தாச் சொல்லுதேன்."

அவளே கம்பியை இணைத்து சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியது, சுற்றவில்லை. மரக்குச்சியால் அதன் விசிறியைத் தள்ளிவிட்டாள், ஓடியது. இந்த வகை மோட்டாருக்கு முதல் தள்ளலைக் கொடுப்பது கெப்பாசிட்டர் என்கிற சின்ன டப்பா. கிளப்பிவிட ஒன்று இல்லையென்றால், எவ்வளவு பலமிருந்தும் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும்.

"உள்ள கம்பி சுத்துன காயிலு நல்லா இருக்கு. கெப்பாசிட்டர்தான் போச்சு. பத்து நிமிசம்."

"காயில் எரிஞ்சிட்டுன்னு எங்க வாட்ச்மேன் சொல்லுதான்."

"அவருக்கு மோட்டார் வேல தெரியுமா?"

"தெரியாது. ஆனா அடிச்சுச் சொன்னாம்லா!"

தங்கசாமி மோட்டாரைத் தூக்கக் குனிந்தார். முத்துலட்சுமி சட்டென்று, "பட்டாளத்துல இருக்க எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க," என்று நயினாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏங்க, மோட்டார் முனகுது, தள்ளுனா ஓடுது. கெப்பாசிட்டர் மாத்தணும்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் இருநூறு பேருக்குப் பருப்பு கொதிக்கும் சத்தம். "அண்ணாச்சி, கெப்பாசிட்டர் மாத்தணும்," என்றான் நயினார்.

தங்கசாமியின் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? பட்டாளத்துக்காரரு அங்கன இருந்தே கண்டுபிடிச்சிட்டாரு!"

"அவ சொன்னதத்தான அண்ணாச்சி..." என்றான் நயினார். அத்தோடு சிக்னல் போய்விட்டது. திரை அணைந்ததை முத்துலட்சுமி பார்த்தாள். தங்கசாமி பார்க்கவில்லை.

"காயில்ல கை வைக்கவே வேண்டாம்," என்றாள் அவள், மோட்டாரைத் திறந்துகொண்டே.

"சரி தம்பி," என்றார் தங்கசாமி, போனிடம்.

"மத்த அஞ்சு மோட்டாரையும் ஒருக்கா கொண்டாந்து காட்டணும்," என்றாள் முத்துலட்சுமி.

"கொண்டாந்திருதேன் தம்பி."

பத்தாவது நிமிடம் மோட்டார் தானாகச் சுற்றியது. நன்றி சொல்லப் போனை நோக்கிக் குனிந்தவர், கறுத்த திரையில் தன் மீசையைத்தான் பார்த்தார்.

"எப்பம்மா கட்டாச்சு?"

"'அவ சொன்னதத்தான'ன்னு சொல்லும்போதே."

தங்கசாமி மனதுக்குள் பின்னோக்கிப் போய்வந்தார். "அப்போ அஞ்சு மோட்டாரக் கொண்டாரச் சொன்னது?"

"நான்தான்."

ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "காலைல கொண்டாரேன்," என்றார்.

அப்போது மிக்சியும் கையுமாக வந்தார் அடுத்த வாடிக்கையாளர் முகம்மது சலீம். முத்துலட்சுமியைத் தாண்டி, நேரே ஸ்டூலைப் பார்த்து, "அண்ணாச்சி, மிக்சி சுத்த மாட்டேங்குது," என்றார்.

"நான் யாரும் இல்ல வே," என்றார் தங்கசாமி அவசரமாக. "அந்தா இருக்காங்க, அவங்ககிட்ட கேளும்."

"எங்க?" என்று சலீம் கடையின் உள்பக்கம் எட்டிப்பார்த்தார்.

"இங்கன," என்று முத்துலட்சுமி மிக்சியை வாங்கிக்கொண்டாள்.