செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குள்

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு எனக்கு ஊசி குத்தியது. நேரம் எப்படித் தெரியும் என்றால், அப்போதுதான் எங்களுக்கு டீ வரும். டீக்காரர் கேனை வைத்துவிட்டுக் கூப்பிட்டார். நான் குப்பைப் பையை அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். போட்ட ஊசியை எறிவதற்கென்றே மேசை மேல் ஒரு வெள்ளை டப்பா இருக்கிறது. அதில் போடாமல் பஞ்சோடு பஞ்சாகப் பையில் எறிந்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே சதையில் இறங்கியது. ரத்தம் வந்தது.

நான் சொர்ணவல்லி. திருமயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகத் துப்புரவு வேலை. மானேஜரிடம் போய்க் கையைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சோப்புப் போட்டுக் கழுவுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். கழுவச் சொன்னது சரி. ஒன்றும் ஆகாது என்று எதை வைத்துச் சொன்னார்? அவர் கையா அது? ஆனால் அன்றைக்கு நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுவினேன், டீயைக் குடித்தேன், மாடிப்படியைத் துடைக்கப் போய்விட்டேன்.

என் நினைப்பெல்லாம் மறுநாள் மேல் இருந்தது. எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஞாயிறு சாயங்காலம் காப்புக் கட்டு. என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் குவைத்தில் டிரைவர். போன வருடம் அங்கே வண்டி கவிழ்ந்து, மயிரிழையில் தப்பினார். அதற்காக நான் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். சட்டி எடுப்பவர் கையில் மஞ்சள் நூல் ஏறிவிட்டால், திருவிழா முடிகிறவரை பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால், யாருக்காக நேர்ந்தோமோ அவருக்கு ஆகாது என்பார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்புக் கட்டிய உடம்பில் நோய்நொடி அண்டாது என்பதும் எங்கள் ஊர் நம்பிக்கை. பூசாரி நூலைக் கட்டும்போது ஊசி குத்திய இடத்தைப் பார்த்தேன். இனி ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று மனசு ஆறிப்போனது. ஊசி குத்தியது யாரோ செய்த தப்பு. அப்படி ஆறிப்போனது என் தப்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் அன்புமொழி போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு ஊசி குத்துச்சாமே. மாத்திரை போட்டீங்களா?"

"என்ன மாத்திரை? கழுவுனேன் சிஸ்டர்."

 அவள் நிதானமாகச் சொன்னாள். "அது யாருக்குப் போட்ட ஊசின்னு நமக்குத் தெரியாதுல்லக்கா. எச்.ஐ.வி. இருக்கவங்களுக்குப் போட்டதா இருந்தா ஒங்களுக்கும் வரலாம். வராம தடுக்க மாத்திரை இருக்கு. எழுவத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிரணும். அதுக்குமேல பிரயோசனமில்ல."

விரல் விட்டு எண்ணினேன். செவ்வாய்க்கிழமை பதினொன்றரை. மறுபடி எண்ணினேன். அதேதான். 

கடைத்தெரு மெடிக்கலுக்குப் போன் போட்டேன். ஸ்டாக் இல்லை, திருச்சியிலிருந்து வரவழைத்தால் புதன்கிழமை ஆகும், ஒரு மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் என்றான் கடைக்காரன். அதோடு நிறுத்தினானா? "யாருக்கு?" என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

அன்புமொழியையே திரும்பக் கூப்பிட்டேன். "காசே வேணாங்க்கா. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குன்னே நம்பிக்கை மையம்னு இருக்கும். கவர்மெண்டு எல்லாம் சும்மாதான் தருது. இப்பவே கெளம்புங்க. எந்நேரம் போனாலும் அவசரப் பிரிவுல மொத மாத்திரை குடுப்பாங்க" என்றாள். சரி சரி என்று சொல்லிவிட்டு, கையில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு அடிபிடித்தது. வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். எனக்காகப் போனால் அவருக்கு ஆகாது. அவருக்காக இருந்தால் எனக்கு ஆகாது. விடியும்வரை இப்படியே புரண்டேன்.

காலையில் சேலை மாற்றிக்கொண்டு பையை எடுத்தபோது என் மாமியார் பொன்னுத்தாய் வாசலை மறித்து நின்றார்.

"காப்புக் கட்டுன கையோட எங்கிட்டு கெளம்பிட்ட?"

"பேங்க் வரைக்கும் அத்தே."

"பேங்கு எங்கயும் ஓடிப்போகாது. எம்புள்ளைக்கு நேந்துக்கிட்டு எல்லையைத் தாண்டுவியா? வண்டி ஓட்டுறவன்டி அவன். அவனுக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?"

இப்படியே அரை மணி நேரம். மணி எட்டைத் தாண்டிவிட்டது. எட்டேகால் பஸ் போகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஒங்க மகன் உசுரு மட்டுந்தான் உசுரா? எனக்கு ஆஸ்பத்திரியில ஊசி குத்திருச்சு. எய்ட்ஸ் இருக்கவங்களுக்குப் போட்ட ஊசியாக்கூட இருக்கும். பதினோரரைக்குள்ள மாத்திரை போடலேன்னா அவ்வளவுதான். ஒங்க மகனுக்கு ஒண்ணும் ஆகாது, நான் வீட்டுலயே கெடந்து சாகுறேன், போதுமா?"

அத்தை கிட்டே வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பி, அந்தப் புள்ளியைத் தேடிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடத்தில் அவர் என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"மூணு நாளா சொல்லாம கெடந்தியா" என்றார். பிறகு வழியை விட்டார். "கையை முந்தானையில மூடிக்கிட்டுப் போ. யாராச்சும் கேட்டா, மேலுக்குச் சொகமில்லாம உள்ள படுத்திருக்கான்னு சொல்லிக்கிறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

விரத நாளில் அவர் பொய் சொல்ல மாட்டார். இன்றைக்கு எனக்காகச் சொல்கிறேன் என்கிறார். நின்று அழ நேரமில்லை, ஓடினேன்.

அடுத்த பஸ் ஒன்பதுக்கு. ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் சீட்டில் கோயில் கமிட்டி ஆத்மநாதன். முந்தானைக்குள் கையை இழுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, காப்புக் கட்டிக்கிட்டு எங்கிட்டுப் போற?"

"எங்களுக்கு பஸ்ஸு இலவசம், எங்கிட்டு வேணாலும் போவோம். நீங்க மொதல்ல டிக்கெட் வாங்குனீங்களா?"

பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாய்தான் அப்படிப் பேசியது. முந்தானைக்குள் நூலை இறுக்கிப் பிடித்திருந்தேன். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, என் வீட்டுக்காரரை ஒன்றும் செய்துவிடாதே தாயே என்று வேண்டினேன்.

திருமயத்தில் இறங்கி வேறு பஸ். புதுக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது கூடையை ஏற்றினார்கள். டிரைவரை நானே இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம் போல் இருந்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் மணி பத்து நாற்பது. நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, இரண்டு வராந்தா சுற்றினேன். பத்து நிமிடம் வீண். கடைசியில், வெட்கம் என்ன வெட்கம், நான் என்ன திருடவா வந்தேன் என்று தோன்றியது. செக்யூரிட்டியிடம் சத்தமாகவே கேட்டேன். அவர் மூன்றாவது கதவைக் கைகாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

உள்ளே சந்தனமேரி என்று ஒரு அம்மா. ஆலோசகர். நான் சொன்னதை இடையில் மறிக்காமல் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து அம்பத்தஞ்சு. இன்னும் நேரம் இருக்கு. வாங்க" என்று எழுந்து, டாக்டரிடம் அவரே கூட்டிப்போனார். டாக்டர் கையைப் பார்த்தார், கேள்வி கேட்டார், எழுதினார். சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். பெரிய மாத்திரை. பதினொன்று பத்துக்கு விழுங்கினேன். விழுங்கியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தனமேரி அம்மா தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லது. பரவால்ல, வந்துட்டீங்க" என்றார். "இருவத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது. ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட், அப்புறம் மூணு மாசம், ஆறு மாசம். அதெல்லாம் முடியிற வரைக்கும் வீட்டுக்காரரோட இருந்தா ஆணுறை போட்டுக்கணும். அவருக்கிட்ட சொல்லிருங்க."

ரத்தத்தில் இன்றைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மாத்திரை டப்பாவைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரர் அடுத்த மாதம் லீவில் வருகிறார். வந்த பிறகு எப்படிச் சொல்வது? வேப்பமரத்தடியில் நின்று குவைத்துக்குப் போன் போட்டேன். ஊசி, காப்பு, பஸ், மாத்திரை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். எல்லையைத் தாண்டியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, "ஊசி மட்டுந்தானே?" என்றார்.

கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காதெல்லாம் சுட்டது. போனை வைத்துவிட்டேன். கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை எடுத்தேன்.

"ஊசி மட்டுந்தான். இங்க எழுதி வச்சிருக்காங்க, வந்து படிச்சுக்கங்க" என்றேன். "நீங்க வரையில ஒரு டெஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க."

"நான் எதுக்கு? விசாவுக்கே எடுத்தாங்கல்ல."

"அது மூணு வருசத்துக்கு முன்னாடி. மூணு வருசமா நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. ஒரு நாள் நான் கேட்டிருக்கேனா? இப்பக் கேக்குறேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. எப்போதும் அவர் பேசாமல் இருந்தால் நானே எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. காத்துக்கொண்டு நின்றேன்.

"சரி, எடுக்குறேன்" என்றார் கடைசியில். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எப்ப?" என்று கேட்டேன்.