அன்னம் நீட்டிய ஒரு கரண்டி குழம்பு

எல்லாரும் சௌக்கியமா? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? எனக்கு அலுப்புதான். இந்தக் கதையை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பேத்தி ஜெயா ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று சாப்பிடும்போது சொன்னாள். எனக்கு உடனே, அம்மா சொல்லிக் கேட்ட, காஜா பேராங் ஊர் அன்னத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

1

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு ஊரில்... வேண்டாம்.

1944, போகிப் படையல். மலாய் மண்ணில் பல தலைமுறையாக வாழும் தமிழ் வம்சத்தாரான சிட்டி குடும்பங்களில், முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை சமைத்ததை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்புகூடப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த வருஷம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த ஜனங்கள். கோழிக்குழம்பு வாசத்துக்கு அன்னத்தின் புருஷன் மருதப்பன் அடுப்படிக்கு வந்து நின்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கரண்டி நீட்டினாள்.

"சீக்கிரம் குடிங்க. அம்மா பாத்துடப் போறாங்க."

குடித்தான். படையல் தொடங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை.

மாமியார் பொன்னம்மா கரண்டியைப் பார்த்துவிட்டார். (அந்த வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். எனக்குத் தமிழில்தான் திட்ட வரும்.)

"பெரியவங்களுக்கு முன்னாடி அவன் வாயில ஊத்திட்டியே. இனி இந்த வீட்ல நீ படையல் எலை போடாதே. உம் புருஷனுக்கும் போடாதே."

2

இப்போது ஜெயா சொன்னது. குழாய்ச் சுவருக்குள் இருக்கும் சில செல்கள் தங்கள் விளிம்பைப் பாவாடை மாதிரி விரித்து, சுற்றியிருக்கும் நீரை வளைத்து விழுங்குமாம். நீரில் மிதக்கும் கொழுப்புத் துகளும் கூடவே உள்ளே போய்விடும். ஆள் பார்த்து எடுப்பதில்லை. கிளேபாங் கடற்கரையில் வலையைத் தள்ளிச் சின்ன இறால் அள்ளுவார்களே, அப்படி. (வலையாவது தண்ணீரை விட்டுவிடும். இது அதையும் சேர்த்து விழுங்கும்.) விழுங்கி விழுங்கிச் செல் உப்பும், சுவர் தடிக்கும்.

அன்னத்தின் கதையைச் சொல்லி, ஒரு கரண்டிக் குழம்பு ஆளைக் கொல்லுமா என்று கேட்டேன்.

"இல்ல பாட்டி. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னாடி நல்லா சாப்பிட்ட காலத்துலேர்ந்தே தடிச்சிருக்கும். அன்னைக்குக் குடிச்சது ரத்தத்துலகூட சேந்திருக்காது."

3

இதை அன்னத்திடம் யார் போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் நாராயணன் என்று ஒருவரைக் கதைக்குள் சைக்கிளில் அனுப்பினேன். "ஒன் குத்தம் இல்லம்மா, இந்த செல்லுங்க வந்து..." அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பொன்னம்மாவை மனம் மாற வைத்துப் பார்த்தேன். அது அதைவிடப் பொய். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

4

அடுத்த போகி. மருதப்பனுக்கும் சேர்த்து இலை விழுகிறது. கோழி இல்லை, கீரைக் குழம்புதான். விலக்கி வைக்கப்பட்ட அன்னம் வேலிக்கு வெளியே நிற்கிறாள். பொன்னம்மா கரண்டியோடு வேலியோரம் வருகிறார்.

"உப்பு போட்டேனா இல்லையான்னு ஞாபகமில்ல."

கரண்டியை வேலிக்கு மேலே நீட்டுகிறார்.

அது மன்னிப்பா, குத்தலா என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை. அன்னம் வாயில் வைத்தால் மறுபடியும் முன்னோரை முந்திக்கொண்டவள். வைக்காவிட்டால் புருஷன் இலையில் உப்பில்லாத குழம்பு.

கரண்டி அப்படியே நிற்கிறது. எனக்குக் கை ஓடவில்லை.

அன்னம் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டிலும் ஒரு சாவை இப்படி யார் தலையிலாவது கட்டியிருப்பார்கள். அதையும் எழுதுங்கள், படிக்கிறேன்.