கரையடி ஒழுக்கு

அயனம்பாக்கம் பெரிய ஏரிக்கு ஒன்றரை மைல் வடக்கே தாங்கல் என்று ஒரு சின்ன ஏரி இருந்தது. சர்க்கார் ஏரி இல்லை. பண்ணையார் பரந்தாமனின் அப்பா தன் பட்டா நிலத்தில் ஓடிய ஓடையை மண் கொட்டி மறித்துக் கட்டியது. கரையின் நீளம் ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் மூன்று ஊர்ப் பெண்கள் குடிதண்ணீருக்கு அதன் படித்துறையைத்தான் நம்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் பட்டணத்துக்குக் குழாய் போட்டான். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவன் போட்டது வரி மட்டுமே.

கரைக்குக் காவல் அய்யாசாமி. சேரிக்காரன். மதகின் அடைப்பைத் திறக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை முங்குவதும் அவன் வேலைதான். அவன் உச்சந்தலை நனைய முங்கி எழுந்தாலும் அந்தத் தண்ணீருக்குத் தீட்டில்லை. அவன் ஜனங்களின் குடம் ஒன்று படித்துறையில் பட்டுவிட்டால் தீட்டு. இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ, எழுதின மகராசனைத்தான் கேட்க வேண்டும்.

பெண்டாட்டி செத்த பிறகு அவன் கரைக்கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தான். படித்துறைப் பெண்கள் அவன் வருவது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அவன் கடந்து போன பிறகு பேச்சு மறுபடி தொடங்கும். இப்படியே நாளெல்லாம் போனால் ஒரு மனுஷனுக்குத் தன் குரலே மறந்து போகும்.

மறக்காமல் வைத்திருந்தது ஓர் ஒழுக்கு. கரையின் வெளிப்புறத்து அடியில், தாழம்புதருக்குப் பின்னால், சுண்டுவிரல் பருமனில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. சேரி முழுதும் அதைத்தான் குடித்தது. ஒழுக்கை அடைப்பதுதான் காவல்காரன் வேலை என்பது அய்யாசாமிக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் பதினோரு வருஷமாக விட்டுவைத்திருந்தான். விடிந்ததும் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பான். தெளிவாக இருந்தால் கவலையில்லை, வெறும் தண்ணீர்தான் வருகிறது. கலங்கி வந்தால் கரையின் மண்ணும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம்.

மகள் பொன்னியம்மா சேரியில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினம் விடியலில் மற்றவர்கள் வருவதற்கு முன்னே ஒரு கலயம் கூழும் ஒரு குடமுமாக வருவாள். ஒழுக்கு மெல்லத்தான் விழும். குடம் நிறைய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்து அப்பனோடு பேசுவாள். ஆடு குட்டி போட்டது, புருஷன் நெமிலிச்சேரிக்குக் கரும்பு வெட்டப் போனது, சின்னதுக்குப் பல் முளைத்தது. குடம் சீக்கிரம் நிறைந்துவிடக் கூடாதே என்று அய்யாசாமி மனசுக்குள் வேண்டிக்கொள்வான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. தாங்கல் விளிம்புவரை நிறைந்தது. ஒரு விடியலில் உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. பொன்னியம்மா கேட்டபோது, மாடு மிதித்துக் கலக்கியிருக்கும் என்று புளுகினான். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் போகட்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். மறுநாள் துளை கைமுஷ்டி அளவு ஆகியிருந்தது. குடம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது.

கரை உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது அதன் காலடியில் இருக்கும் சேரிதான். ஊர் மேட்டில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது.

மகளிடம் உண்மையைச் சொன்னான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி கேட்டாள்: "அப்ப தண்ணிக்கு எங்க போறது நைனா?"

"கரை பூட்சின்னா ஊடே இருக்காதுமா. தண்ணி எதுக்கு?"

அவள் குடத்தோடு சேரிப் பக்கம் நடந்தாள்.

கூட்டம் சேர்த்து அடைக்க அவனுக்கு வழியில்லை. ஊர்க்காரர்கள் வந்தால் தாழம்புதருக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையையும் குடங்கள் தேய்த்த கல்லையும் பார்த்துவிடுவார்கள். ஆகவே தனியாகவே இறங்கினான். உள்பக்கம் தண்ணீர்மேல் தவிட்டைத் தூவினான். ஓரிடத்தில் தவிடு வட்டமாகச் சுழன்று உள்ளே போயிற்று. அங்கேதான் வாய். களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து கோணியில் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முங்கினான். காலால் மிதித்துத் திணித்தான். எழுந்து மூச்சு வாங்கி மறுபடி முங்கினான். பொழுது சாய்வதற்குள் பதினேழு மூட்டை இறங்கியிருந்தது. வெளியே போய்ப் பார்த்தான். ஒழுக்கு நின்று, குடம் வைக்கும் கல் காய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் பரந்தாமன் வந்தான். கரையோரம் கலங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக் காரணம் கேட்டான். நண்டு வளை ஒன்றை அடைத்தேன் ஆண்டே என்றான் அய்யாசாமி. பரவாயில்லையே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாயே என்று மெச்சி, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினான். எங்க ஜனம் படித்துறைக் கோடியில் ஒரு மூலையில் மொண்டுகொள்ளட்டுமா என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அய்யாசாமி கேட்கவில்லை. துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிட்டான். அந்தக் கும்பிடை நினைத்து அன்றைக்கெல்லாம் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அடுத்த விடியலில் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சேரிப் பெண்கள் அயனம்பாக்கம் ஏரிக்கு நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். அது பெரிய ஏரி, யார் எந்த மூலையில் மொள்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. போக வர மூன்று மைல். அவன் சோறு பொங்கவில்லை. பசிக்கவும் இல்லை.

நாலாம் நாள் வெயில் ஏறின பிறகு பொன்னியம்மா வந்தாள். கையில் கலயம் மட்டும் இருந்தது. கால் முழுக்கச் சேறு. குடித்துவிட்டுக் கொடு நைனா, நடவு வேலைக்கு நேரமாகிறது என்று நின்றபடியே சொன்னாள். கூழ் கட்டியாக இருந்தது. கரைத்து ஊற்றத் தண்ணீர் மிச்சமில்லை போலும். அவன் ஆற அமரக் குடித்தான். கலயத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்:

"நாளைக்கு விடியல்ல வர்றியாமா?"

"இன்னாத்துக்கு நைனா?"

அதில் கோபமில்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். விடியல்ல அயனம்பாக்கம் போய் வரவே சரியாகிவிடுகிறது, முடிந்தால் பையனிடம் கூழ் கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

என்னைப் பார்க்கத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. பதினோரு வருஷமாக அவள் அதற்குத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"சும்மா கேட்டேன்" என்றான்.